மாமனாரின் பதில்

ஜாவாவில் புரோகிராம் எழுதச் சொல்லித்தரும் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதலில் ஒரு விலங்கு வரும். அந்த விலங்கிலிருந்து ஒரு நாய் வரும், ஒரு பூனை வரும். நாய் குரைக்கும், பூனை கத்தும். அவ்வளவுதான், இன்ஹெரிட்டன்ஸ் புரிந்துவிட்டது, அடுத்த வீடியோவுக்குப் போகலாம் என்பார்கள். நான் காலேஜில் படித்தபோதும் இதே நாய்தான். அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகி, பெண் பிறந்து, அவள் ஆறாம் வகுப்புக்கே வந்துவிட்டாள். நாய் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று குரைத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உண்மையில் கோபம் நாய்மேல் இல்லை. எனக்கு அவசரம். என் கணவர் குவைத்தில் இருந்தார். போன தடவை லீவு முடிந்து கிளம்பும்போது, திருச்சி ஏர்போர்ட் வாசலில், பெட்டியைத் தள்ளிக்கொண்டே, "உனக்கு ஒரு வேலை கிடைக்கட்டும், மறு ஃப்ளைட்டப் புடிச்சு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போகிற நேரத்தில் ஆறுதலுக்குச் சொன்னாரோ, நிஜமாகவே சொன்னாரோ, எனக்குத் தெரியாது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேலை கிடைத்தால் அவர் வந்துவிடுவார். மற்றதெல்லாம் அப்புறம்.

கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தால் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். வீட்டில் நான், என் பெண், அத்தை. அத்தை என்றால் என் மாமியார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் போட்டோவில்தான் இருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூர், எதிர் வீட்டுக்காரர் துபாய். தீபாவளிக்கு யார் வீட்டு வாசலில் பெரிய செருப்பு கிடக்கிறது என்று பார்த்தே யார் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

என்னோடு காலேஜில் படித்த தோழி ஒருத்தி சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் கம்பெனியில், படித்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்ட பெண்களை எடுக்கிறார்கள், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அவள்தான் சொன்னாள். "ஜாவா அடிப்படை கேப்பாங்க. இன்ஹெரிட்டன்ஸும் ஓவர்ரைடிங்கும் கேக்காம விடவே மாட்டாங்க. அத மட்டும் சொதப்பிடாதடி" என்று எச்சரித்தும் வைத்தாள். காலேஜில் அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவள் நான். சொதப்புவதற்கு எல்லாத் தகுதியும் எனக்கு இருந்தது.

பெண் பள்ளிக்கூடம் போன பிறகு, சமையலை முடித்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்காருவேன். ஒரு வாரம் அந்த நாயோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒருநாள் அதைத் துரத்திவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒன்றை வைத்து எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே நெல் இருந்தது.

நெல் என்று ஒரு கிளாஸ் எழுதினேன். கிளாஸ் என்றால் பள்ளிக்கூட வகுப்பு இல்லை. இந்த வகையில் சேர்ந்தது இப்படி இருக்கும், இதையெல்லாம் செய்யும் என்று எழுதி வைப்பது. நெல்லுக்கு என்ன உண்டு? விதை ஊறப்போடுவது, நாற்று விடுவது, நடுவது, அறுப்பது. ஒவ்வொரு செய்கைக்கும் ஒரு மெத்தட். அப்புறம் குறுவை என்று ஒரு கிளாஸ், சம்பா என்று ஒரு கிளாஸ். இவை இரண்டும் நெல்லின் பிள்ளைகள் என்று ஒரு சொல் மட்டும் எழுதினேன். அந்த ஒரு சொல்லுக்கே, நெல்லுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. சம்பாவுக்குள் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் சம்பாவிடம் நாற்று விடச் சொன்னால் விட்டது. அது தன்னிடம் இல்லாததை மேலே போய்ப் பெற்றவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. இதுதான் இன்ஹெரிட்டன்ஸ். இதற்கா இத்தனை வருஷம் நாயைக் குரைக்க விட்டார்கள்!

புரிந்ததும் எனக்கு வாசல் ஞாபகம்தான் வந்தது. என் கணவர் குவைத்துக்குக் கிளம்பிப் போனதும் நான் வீட்டைப் பெருக்க மாட்டேன். தலைக்குக் குளிக்க மாட்டேன். ஏர்போர்ட்டுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வழியனுப்பிய நாட்களிலும் அப்படித்தான். யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. என் அம்மா செய்தாள், அவளுக்கு அவள் அம்மா. காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் செருப்பு விட்ட இடத்தில் கொஞ்சம் மண் கிடக்கும். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய், அந்த மண்ணைப் பார்த்துவிட்டு, அப்படியே மூலையில் சாத்திவிட்டு வந்துவிடுவேன். எனக்குள் நான் எழுதாத எத்தனையோ விஷயங்கள் இப்படி நடந்துகொண்டிருக்கின்றன. மறுநாள் பெருக்கும்போதும் அந்த மண் மட்டும் வாசலைத் தாண்டிப் போக மனசு வராது. அழுகை வரும். சிரிக்காதீர்கள், மண்ணுக்காக அழுதவள்தான் நான்.

அத்தை கையில் முறத்தோடு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். திரையில் நெல் என்று தமிழிலேயே எழுதியிருந்தேன்.

"என்னடி இது, நெல்லெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்க? வெளையுதா?"

"வெளையுது அத்தை. தண்ணிகூட வேண்டாம்."

"அப்ப நம்ம வயலையும் அதுலயே போட்டுடு. மோட்டார் போடற வேலையாவது மிச்சம்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார்.

அத்தைக்கு வாய் நீளம். அதைவிட, யாரைப் போலவும் பேசிக்காட்டுவார். பால்காரர், பஞ்சாயத்துத் தலைவர், டிவி சீரியல் வில்லி, யாரையும் விடமாட்டார். அவர் பேசிக்காட்டுவதில் உச்சம் என் மாமனார். மாமனாரை நான் பார்த்ததே இல்லை. அவரும் குவைத்தில்தான் இருந்தார், என் கணவர் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து. அப்போது போன் கிடையாது. கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவாராம். வீட்டில் எல்லோரும் டேப்ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். என் கணவருக்கு அப்பா என்றால் ரொம்ப நாள்வரை டேப்ரிக்கார்டர்தான். ஒருமுறை லீவில் வந்தவரைப் பார்த்துப் பயந்து, கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாராம்.

எல்லாக் கேசட்டும் ஒரே மாதிரிதான் முடியுமாம். அத்தை குரலைக் கனமாக்கி, லேசாகத் தொண்டையைச் செருமி, அதைப் பேசிக்காட்டுவார். "கண்டிப்பா அடுத்த வருஷம் வந்துடறேன். ஒண்ணும் கவலப்படாத." பதில் கேசட்டில் தான் பேசியதையும் காட்டுவார். அதற்குக் குரல் மாற வேண்டியதில்லை. "சரிங்க. உடம்பப் பாத்துக்கங்க." நானும் என் பெண்ணும் விழுந்து விழுந்து சிரிப்போம். அத்தையும் சிரிப்பார். அந்த அடுத்த வருஷம் தள்ளிக்கொண்டே போய், என் கணவர் காலேஜ் முடிக்கிற சமயத்தில்தான் வந்ததாம். வேலையை விட்டு வந்தவர் இங்கே ஒரு சம்பா அறுப்புகூடப் பார்க்கவில்லை. அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதனால்தான் என் கணவர் கல்யாணமான புதிதிலேயே எனக்குச் சொல்லியிருந்தார். "நான் எங்கப்பா மாதிரி இருக்க மாட்டேன். எழுதி வச்சுக்க."

இருக்கவும் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். தினம் வீடியோ காலில் வருவார். பெண்ணுக்கு என்ன ஹோம்வொர்க், கணக்கில் எத்தனை மார்க், எந்தத் தோழியோடு டூ விட்டிருக்கிறாள், எல்லாம் அவருக்குத் தெரியும். அத்தைக்கு மாத்திரை தீரப்போகிறது என்று எனக்கு ஞாபகப்படுத்துவதே அவர்தான். நான் புதுப் புடவை கட்டினால், கேமராவைக் கீழே இறக்கு, பார்டர் தெரியவில்லை என்பார். "எங்கப்பா இதெல்லாம் பண்ணாரா சொல்லும்மா?" என்று தன் அம்மாவை வம்புக்கு இழுப்பார். "அவருக்கு எங்கடா இதெல்லாம் தெரியும்" என்று அத்தை உருகிப்போவார். அழைப்பு முடிந்து திரை கறுத்ததும் அதில் என் முகம் தெரியும். அந்த ஒரு நொடியை மட்டும் எனக்குப் பிடிக்காது. அதற்காகவே போனைக் கவிழ்த்து வைக்கப் பழகிக்கொண்டேன்.

ஐப்பசி அடைமழையில் நான் ஓவர்ரைடிங்குக்கு வந்து சேர்ந்தேன். பிள்ளைக்குப் பெற்றவரிடமிருந்து எல்லாம் வரும், சரி. ஆனால் ஒன்றை மட்டும் நான் வேறு மாதிரி செய்வேன் என்று பிள்ளை சொன்னால்? அதே பெயரில் அந்த மெத்தட்டைத் தனக்குள் புதிதாக எழுதிக்கொள்ளலாம். அதன் பிறகு பெற்றவரின் பதில் வராது, பிள்ளையின் பதில்தான் வரும். நான் நெல் கிளாஸில் 'எப்போது அறுப்பது' என்று ஒரு மெத்தட் வைத்திருந்தேன். பொதுவாக நாலு மாதத்தில் என்று அது பதில் சொல்லும். குறுவை அவ்வளவு நாள் காத்திருக்காது. அதற்குள் அதே பெயரில், 'மூன்று மாதத்துக்கு மேல் ஆகாது' என்று எழுதினேன். கேட்டுப் பார்த்தேன். குறுவை தன் பதிலைச் சொன்னது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன சங்கதி ஒன்று உண்டு. நாம் அதைக் குறுவை என்றே அழைக்க வேண்டியதில்லை. பொத்தாம்பொதுவாக, ஏதோ ஒரு நெல் என்று வைத்துக்கொண்டு கேட்டாலும், உள்ளே இருப்பது குறுவை என்றால் குறுவையின் பதில்தான் வரும். மூட்டைமேல் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கிற நெல்தானே முளைக்கும், அந்த மாதிரி. இதைப் படித்த அன்று சந்தோஷத்தில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

அடுத்து சம்பா. சம்பாவுக்கு நாள் கூட, அத்தோடு மழையும் சேர்ந்துகொள்ளும். வெளியே வேறு கொட்டிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன், பெரிய புத்திசாலி மாதிரி, 'எப்போது அறுப்பது' என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு அதற்குள் மழையையும் சேர்த்தேன். மழை எப்படி என்று சொன்னால் அறுப்பு எப்போது என்று சொல்கிற மாதிரி, ஆறு மாதம், ஐந்தரை மாதம் என்றெல்லாம் விவரமாகப் பதில் எழுதினேன். குறுவைக்கு ஒரு வரி எழுதினேன் என்றால் சம்பாவுக்கு ஒரு பக்கமே எழுதினேன். பிறகு சம்பாவிடம், எப்போதும் போல, எப்போது அறுப்பது என்று கேட்டேன்.

நாலு மாதம் என்றது.

திரும்பக் கேட்டேன். நாலு மாதம். எழுத்துப்பிழையா என்று பார்த்தேன், இல்லை. மூடித் திறந்தேன், நாலு மாதம். ஒரு பிழையும் காட்டவில்லை, அதுதான் கொடுமை. எங்காவது சிவப்புக் கோடு விழுந்தால் திட்டிக்கொண்டே திருத்தலாம். இது பாட்டுக்கு நல்ல பிள்ளையாக ஓடி, தப்பான பதிலைச் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தது. நான் அத்தனை எழுதியும் அது தன் பெற்றவர் சொன்னதையே ஒப்பித்தது. பெண் பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டு வந்தபோதும் நான் எழுந்திருக்கவில்லை. அத்தைதான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். "ஏம்மா, அந்த நெல்லு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு, இப்படி மொறச்சுப் பாக்குற?" என்றார்.

தோழிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் சென்னை டிராஃபிக் சத்தம்.

"லூசு, பேரு ஒண்ணா இருந்தா மட்டும் போதாதுடி. கேள்வி அப்படியே ஒண்ணா இருக்கணும். நீ மழையைச் சேத்து வேற ஒரு கேள்விய உண்டாக்கி, அதுக்குப் பதில் எழுதி வச்சிருக்க. பழைய கேள்விய அது தொடவே இல்ல. யாராவது பழைய கேள்வியக் கேட்டா, பழைய பதில்தான் வரும். நீ மாத்திட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்க, நீ மாத்தல, பக்கத்துல புதுசா ஒண்ணு சேத்திருக்க. அவ்வளவுதான். இனிமே மேல ஓவர்ரைடுன்னு ஒரு வார்த்த எழுதிட்டு அப்புறம் எழுது. அப்ப நீ நெசமாவே மாத்துறியா இல்லையான்னு அதுவே சொல்லிடும்."

அடைப்புக்குறிக்குள்ளிருந்து மழையை எடுத்தேன். சம்பா தன் பதிலைச் சொன்னது. அப்பாடா என்று ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

அன்று சாயங்காலம் அவர் அழைத்தார். டியூட்டி முடிந்து ரூமுக்கு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எல்லாம் விசாரித்தார். மழை பற்றி, மோட்டார் கொட்டகை ஒழுகுகிறதா, பெண் குடை எடுத்துப்போனாளா என்று ஒன்று விடவில்லை. போன் மேஜைமேல் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்தது. அத்தை கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் பெண் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, திரைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, எப்ப வருவீங்க?"

அவர் லேசாகத் தொண்டையைச் செருமினார். "கண்டிப்பா அடுத்த வருஷம் வந்துடறேன்டா. ஒண்ணும் கவலப்படாத."

அத்தையின் கை நின்றுவிட்டது. அப்புறம் சிரித்தார். "அப்படியே உங்க மாமா. அந்தச் செருமல்கூட" என்றார் என்னைப் பார்த்து. என் பெண்ணும், தாத்தா மாதிரியே, தாத்தா மாதிரியே என்று குதித்தாள். அவரும் அங்கே சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

தினம் வீடியோ கால், ஹோம்வொர்க், மாத்திரை, புடவை பார்டர், எத்தனை எழுதியிருந்தார் இந்த மனுஷர்! பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அப்பா மாதிரி இல்லை என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, எங்கேயும் ஒரு சிவப்புக் கோடுகூட விழவில்லையே. ஆனால் அவர் எழுதியதெல்லாம் பக்கத்தில் சேர்த்தது. பழைய கேள்வியை அவர் தொடவே இல்லை. கேட்டதும் நேராக மேலே போய், நான் பார்த்தே இராத ஒரு மனிதரின் பதிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு வாய்க்கால் நிரம்பி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொல்லைப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் கை என் தலைமேல் ஒருமுறை இருந்தால் போதும் என்றிருந்தது. அடுத்த வருஷமெல்லாம் வேண்டாம், இப்போது, இந்த மழையில்.

அழுது முடித்து எழுந்து வந்து திரும்பவும் லேப்டாப்பைத் திறந்தேன். அவர் சொன்னது எனக்கு வேலை கிடைத்தால் என்றுதானே. கிடைக்க வைக்கிறேன் என்று வீம்பு வந்துவிட்டது.

இன்டர்வியூ தை மாதம் வந்தது. எங்கள் வீட்டில் நெட்வொர்க் நன்றாகக் கிடைப்பது மொட்டைமாடியில் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில்தான். அங்கே ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல், பின்னால் திரைக்கு அத்தையின் பழைய பட்டுப்புடவை. கரெக்டாக நான் வணக்கம் சொன்ன நேரத்தில் எதிர் வயலில் அறுப்பு மெஷின் இறங்கியது.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டார் திரையில் இருந்த அம்மாள்.

"அறுப்பு மெஷின் மேடம். சம்பா அறுக்கறாங்க."

அவர் சிரித்துவிட்டு, சரி, ஓவர்ரைடிங் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அந்தக் கேள்விக்கு என் வாய் தானாகத் திறந்துகொண்டது. நெல்லைச் சொன்னேன், குறுவையைச் சொன்னேன், மழையைச் சேர்த்துக் கெடுத்த சம்பாவைச் சொன்னேன். பெயர் ஒன்றாக இருந்து கேள்வி வேறாகிவிட்டால் பழைய பதிலே வரும், பிழை என்றும் காட்டாது, அதனால் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள் என்று சொன்னேன். "எல்லோரும் யாரு?" என்றார் அந்த அம்மாள். "இல்ல மேடம், புரோகிராம் எழுதறவங்க" என்று சமாளித்தேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தெரிந்தது. வெள்ளி அங்கே லீவு. உடனே அழைத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ரூமில் இருந்த மற்றவர்களிடமெல்லாம் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "என் வொய்ஃபு சாஃப்ட்வேர்டா இனிமே" என்று கத்தினார். அவர்களுக்கு அன்றைக்கு இவர் செலவில் பிரியாணி. நான் அந்தச் சத்தமெல்லாம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். ஏர்போர்ட் வாசலில் சொன்னதை அவரே சொல்லுவார் என்று காத்திருந்தேன். அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. அந்தப் பழைய கேள்வியைக் கேட்க அன்றைக்கு நான்தான் இருந்தேன்.

"எப்ப வர்றீங்க?" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. தொண்டையைச் செருமினார். "கண்டிப்பா அடுத்த வருஷம் வந்துடறேன்ம்மா. இப்பதான கான்ட்ராக்ட் புதுப்பிச்சாங்க. மாடிய வேற எடுத்துக் கட்டணும்னு இருக்கோம். நீயும் சம்பாதிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும். ஒண்ணும் கவலப்படாத."

கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"சரிங்க. உடம்பப் பாத்துக்கங்க."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"தம்பி."

"சொல்லும்மா. கேட்டியா, உன் மருமக..."

"நீ வாடா."

"வரேம்மா. அடுத்த வருஷம்..."

"அது உங்கப்பா சொல்றது. நீ சொல்லாத."

அத்தை போனை முகத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் வைத்திருந்தார். அவருக்கு அங்கே அம்மாவின் நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"இத்தன வருஷத்துல உங்கப்பாகிட்ட நான் ஒரு தடவகூட வாங்கன்னு சொன்னதில்லடா. உடம்பப் பாத்துக்கங்க, உடம்பப் பாத்துக்கங்கன்னே பேசிப் பேசி அனுப்புனேன்."

"ஏம்மா சொல்லல?"

அத்தை புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னா வந்துருவாருடா. வீடு பாதில நின்னுச்சு. நீ படிச்சுக்கிட்டு இருந்த. வாங்கன்னு சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு அப்படியே வந்துருவாரு. வந்துருவாருன்னு தெரிஞ்சுதான் சொல்லல. வீடு முடிஞ்சுது. அந்த மனுஷன் இதுல எத்தன நாளு படுத்தாரு?"

அவ்வளவுதான் பேசினார். போனை என் கையில் திணித்தார். "நீ சொல்லு. நான் விட்டத நீயும் விட்டுடாத" என்று சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் அங்கேயே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தைக்குக் கிளாஸும் தெரியாது, மெத்தட்டும் தெரியாது. நானும் அந்த நேரத்தில் அதையெல்லாம் நினைக்கவில்லை. அவர் திரையில் இருந்தார், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துகொண்டு. கண்கள் சிவந்திருந்தன. கல்யாணமானதிலிருந்து அவரிடம் எப்ப வருவீங்க என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. அழுதுகொண்டேதான் சொன்னேன்.

"வாங்க."

அவர் தொண்டையைச் செருமவில்லை.

"பாஸ்போர்ட் கம்பெனில இருக்கு" என்றார். "நாளைக்குக் காலைல போயிக் கேக்கறேன்."